அப்பா வுழுந்து வுழுந்து சிரிக்கறாரு, மகளுக்கு சிரிப்பே வரல. பழைய இங்கிலீஷ் காமெடி இப்ப உள்ள புள்ளைங்களுக்கு எடுபடுமா?

மூணாங்கட்ட_பொண்ணு
சனிக்கெழம, ராத்திரி 10.40

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ நான், இன்னிக்கித்தான் மொத தடவ எழுதறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

நாங்க மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட் பக்கம். அப்பா தோட்டத்துல பொறந்து வளந்தவரு, இப்ப 66 வயசு. ரப்பரு போயி செம்பனை வந்து லயத்து வரிசை வூடுங்களயும் ஒடச்சதுக்கு அப்பறம் தாமான்ல, அதான் டவுன் வீடமைப்பு பகுதியில, எங்ககூடத்தான் இருக்காரு. போன வாரம் பள்ளி லீவு, மகளுக்கு 14 வயசு, ஃபார்ம் டூ படிக்கறா, எந்நேரமும் போனும் கையுமா இருக்காளேன்னு தாத்தாவயும் பேத்தியயும் ஒண்ணா ஒக்கார வச்சி யூடியூப்ல மைண்ட் யுவர் லாங்குவேஜ் போட்டேன், பல நாட்டு ஆளுங்க லண்டன்ல ஒரு கிளாஸ்ல இங்கிலீஷ் படிக்கற பழைய காமெடி. அப்பாவோட உசுரு அது. நான் சின்ன புள்ளையா இருந்தப்ப வீடியோ டேப்புல அத்தன தடவ பாத்திருக்கோம்.

அப்பா, அந்த கிளாஸ்ல படிக்கற ரஞ்சித் சிங் கையக் கூப்பி ஆயிரம் மன்னிப்பு கேக்கறதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு, அடுத்து என்னா வரும்னு எல்லாம் மனப்பாடம். மக எபிசோடு முடியற வரைக்கும் உம்முனு இருந்துட்டு கடைசில கேட்டா பாருங்க, "ஏம்மா, இவங்கல்லாம் புதுசா ஒரு பாஷ படிக்க வந்தவங்கதான, தப்பா பேசுனா எல்லாரும் எதுக்கு சிரிக்கறாங்க, எங்க கிளாஸ்ல இப்படி சிரிச்சா டீச்சர் வெளிய நிக்க வச்சிருவாங்க."

அப்பாவுக்கு மொகம் சுண்டிப் போச்சி. "ஒங்க காலத்துல யாருக்கும் சிரிக்கவே தெரியாது"ன்னு சொல்லிட்டு ரூம்புக்குள்ள போயிட்டாரு, ராத்திரி சாப்பாட்டுக்கும் கூப்புட்டு கூப்புட்டுத்தான் வந்தாரு.

எனக்கு நடுவுல மாட்டுன கத. உண்மைய சொல்லணும்னா இந்த தடவ எனக்கே பாதி எடத்துலதான் சிரிப்பு வந்துச்சி, மீதி எடத்துல மக பக்கம் திரும்பி திரும்பி பாத்துகிட்டு இருந்தேன். இந்த மாதிரி காமெடி எல்லாம் அந்த காலத்து ஆளுங்களுக்கு மட்டும்தானா? அதவிட எனக்கு புரியாதது, லண்டன்ல வெள்ளக்காரன் வெள்ளக்காரனுக்கு எடுத்தது பேராக்ல தோட்டத்து லயத்துல இருந்தவங்களுக்கு எப்படி அப்ப அவ்ளோ சிரிப்பு குடுத்துச்சி? அப்பா தமிழ்ப்பள்ளி முடிச்சி, எடைநிலைப்பள்ளிக்கு முன்னாடி பாஷ பழக ஒரு வருசம் படிக்கற ரிமூவ் கிளாஸ் போயி ஃபார்ம் ஒன்னோட நின்னவரு. ரெண்டு பேரும் ஒண்ணா சிரிக்கற மாதிரி எதாச்சும் இருந்தா சொல்லுங்க, லீவு முடிய இன்னும் ஆறு நாள்தான் இருக்கு.

—

பழைய_பெரட்டு
சனிக்கெழம, ராத்திரி 11.25

தங்கச்சி, நானும் தோட்டத்து ஆளுதான், ஒங்கப்பா வயசுதான் இருக்கும். நாங்க எப்படி சிரிச்சோம்னு சொல்றேன் கேளுங்க, கொஞ்சம் நீளமா போகும்.

எங்க தோட்டத்துல டிவி ஒண்ணே ஒண்ணு, மண்டபத்துல மரப்பொட்டிக்குள்ள வச்சி பூட்டு போட்டிருக்கும், சாவி தோட்டத்து ஆபீஸ் கணக்கப்புள்ள கிராணிகிட்ட. ராத்திரி பத்து மணிக்கு ஜென்செட்ட நிப்பாட்டிருவாங்க, அதுக்குள்ள முடிஞ்சிரணும்னு மாரியம்மாவ வேண்டிக்குவோம். படத்துல பேசறது இங்கிலீஷு, கீழ மலாய்ல எழுத்து ஓடும், எங்கள்ல முக்காவாசி பேருக்கு ரெண்டும் தெரியாது. டவுன் பள்ளிக்கு போற பையன் ஒருத்தன் முன்னாடி ஒக்காந்து அந்த எழுத்த படிச்சி தமிழ்ல கத்தி சொல்லுவான். அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள டிவியில உள்ளவங்க சிரிச்சி முடிச்சிருப்பாங்க. அதனால எங்க மண்டபத்துல எப்பவும் ரெண்டு சிரிப்பு, மொதல்ல லண்டன் சிரிப்பு, அது அடங்குனப்பறம் எங்க சிரிப்பு. அவசரத்துக்கு பொறந்த சில கெழவிங்க லண்டன் சிரிப்போடவே சேந்து சிரிச்சிரும், அப்பறம் "என்னாடா சொன்னான்"னு கேக்கும், கேட்டுட்டு இன்னொரு தடவ சிரிக்கும்.

ரொம்ப வருசம் கழிச்சி நானும் இங்கிலீஷ் கொஞ்சம் கத்துகிட்டு அதே எபிசோட திரும்ப பாத்தா, அந்த பையன் சொன்னதுல பாதி அங்க இல்லவே இல்ல! படிக்கறதுக்குள்ள எழுத்து ஓடிரும், அவனே சொந்தமா வுட்டிருக்கான். இத்தாலிக்காரன் எதோ சொல்லுவான், இவன் "மண்டோரு நேத்து சம்சு குடிச்சிட்டு கால்வாயில வுழுந்த மாதிரி"ன்னு சேத்து சொல்லிருப்பான். நாங்க எத பாத்து சிரிச்சோம்னு எனக்கே இப்ப கணக்கு போட தெரியல.

இன்னொண்ணு. எங்களுக்கு மைண்ட் யுவர் லாங்குவேஜ விட ஃபால்ட்டி டவர்ஸ்தான் மேல. ஓட்டல் மொதலாளி பேசில். மொத எபிசோட்ல ஒரு ஏமாத்துக்காரன் தன்ன பிரபுன்னு சொல்லிட்டு வந்து நிப்பான், அது வரைக்கும் யாருக்கும் மூஞ்சி குடுத்து பேசாத பேசில் அப்படியே வில்லா வளைவான். அத எங்களுக்கு யாரும் தமிழ்ல சொல்லவே வேணாம். தோட்டத்த சோதிக்க விசிட்டிங் ஏஜென்ட் வர்றாருன்னா ஒரு வாரத்துக்கு முன்னாடியே கால்வாய் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பாங்க, காலையில ஆளு கணக்கெடுக்கற பெரட்டு களத்துல எங்கள பாத்து உறுமற கிராணி அன்னிக்கி சம்பந்தி வூட்டுக்கு வந்தவரு மாதிரி கையக் கட்டிட்டு நிப்பாரு. அவரும் மண்டபத்துல கடைசி வரிசையில நாக்காலி போட்டு ஒக்காந்து பேசிலப் பாத்து சிரிப்பாரு. அவரு சிரிக்கறத திரும்பி பாத்து நாங்க சிரிப்போம். அவரு நாங்க பேசிலுக்கு சிரிக்கறோம்னு நெனச்சிகிட்டு இன்னும் சத்தமா சிரிப்பாரு, சாவு சிரிப்புமா அது!

ஒங்க மகளுக்கு தொரையும் தெரியாது, கிராணியும் தெரியாது, அந்த புள்ளைக்கு பேசில் சும்மா கத்தற ஆளு, அவ்ளோதான். யாருக்கும் கையக் கட்டி நிக்க வேண்டாத காலத்துல பொறந்திருக்கு, நல்லதுதான், நான் என்னா சொல்றது.

—

ரொட்டி_பாஞ்சிர்
ஞாயித்துக்கெழம, காலையில 9.10

அங்கள் எழுதுனது சூப்பர் லா. ஆனா எனக்கு 23 வயசு, நான் அக்காவோட மக பக்கம். கலாச்சாரம் காலம் எல்லாம் பெரிய வார்த்த, இது வெறும் வேகம் சம்பந்தப்பட்டது. ஒருத்தன் கதவ தொறந்து உள்ள வர்றான், கைத்தட்டு, நிக்கறான், பேசறான், சிரிப்பு சத்தம் அடங்கற வரைக்கும் சும்மா நிக்கறான், அப்பறம் அடுத்தவன் பேசறான். அரை நிமிசம் வீடியோ பாத்து பழகுனவங்களுக்கு அந்த நிக்கறது தாங்காது. இங்க சிரின்னு சத்தம் போட்டு காட்டுனா எனக்கு வர்ற சிரிப்பும் போயிரும்.

மிஸ்டர் பீன் போட்டு பாருங்க அக்கா. அதுலயும் சிரிப்பு சத்தம் இருக்கு ஆனா காதுலயே வுழாது. 1990-லேர்ந்து 1995 வரைக்கும் மொத்தமே 15 எபிசோடுதான், கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க, நூறாச்சும் இருக்கும்னு நெனப்பாங்க, ஏன்னா டிவியில திரும்ப திரும்ப அதயேதான் போட்டாங்க. பேச்சே கெடையாது. ரெஸ்டாரண்டுல தெரியாம பச்ச எறச்சிய ஆர்டர் பண்ணிட்டு திங்க முடியாம சக்கர டப்பா, ரொட்டி, பக்கத்து பொம்பள கைப்பைன்னு ஒளிச்சி வைப்பான் பாருங்க, கல்யாண வூட்டு பந்தியில பாவக்கா பொரியல எலை மடிப்புக்குள்ள மறைச்ச ஒவ்வொருத்தனும் அதப் பாத்து சிரிக்கணும். என் தங்கச்சி மவனுக்கு 5 வயசு, அவனுக்கும் புடிக்குது, எங்க ஆயாவுக்கு 80, அவங்களுக்கும் புடிக்குது.

—

கோலாகங்சார்_காத்து
ஞாயித்துக்கெழம, மத்தியானம் 1.30

தம்பி, பேச்சே இல்லாதத காட்டிட்டு பாஷ தாண்டிருச்சின்னு சொல்றது கால் இல்லாத மேசைய ஆடலன்னு சொல்ற மாதிரி. அக்கா கேட்டது பேச்சு உள்ளத பத்தி.

பேச்சு காமெடி கடல் தாண்டறப்ப அப்படியே தாண்டறது கம்மி. வெள்ளக்காரனே அத ஒத்துகிட்டு கதய மட்டும் வித்துருக்கான். மேன் அபவுட் தி ஹவுஸ்னு அங்க 1973-லேர்ந்து 76 வரைக்கும் ஓடுனத அமெரிக்காக்காரன் வாங்கி 1977-ல திரீஸ் கம்பெனின்னு எடுத்தான், நம்ம ஊருல ரொம்ப பேரு அத அமெரிக்கா சரக்குன்னே நெனச்சிட்டு இருந்தாங்க. தி ஆபீஸும் அப்படித்தான், லண்டன்ல ரெண்டு சீசன், அமெரிக்காவுல ஒம்போது சீசன். மைண்ட் யுவர் லாங்குவேஜ இந்தியாவுல 1993-ல சபான் சம்பால்கேன்னு தூர்தர்ஷனுக்கு மாத்துனப்ப வாத்தியாரு சொல்லி குடுக்கறது இங்கிலீஷு இல்ல, இந்தி. அங்கதான் சூட்சுமம். தப்பா பேசறது எங்கயும் சிரிப்புதான், ஆனா எந்த பாஷய தப்பா பேசுனா சிரிப்புன்னு ஊருக்கு ஊரு மாறும்.

ஃபால்ட்டி டவர்ஸ்ல மானுவெல்னு ஒரு வெய்ட்டரு, பார்சிலோனாக்காரன், இங்கிலீஷ் தெரியாம பேசில்கிட்ட மண்டையில அடி வாங்குவான். அத ஸ்பெயின்ல ஓட்டறப்ப என்னா பண்றது? எங்காளையா அடிக்கறேன்னு கேட்டுருவாங்களேன்னு இத்தாலிக்காரனா மாத்திட்டாங்க. பார்சிலோனாவுல பேசற கட்டலான் மொழியில அவன் மெக்சிக்கோக்காரன். ஆக மொத்தம் எல்லா ஊருக்கும் மானுவெல் பக்கத்து ஊருக்காரன்தான். இதுல இன்னொரு கூத்து, மானுவெலா நடிச்ச ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரே இல்ல, பெர்லின்ல பொறந்து நாஜிங்களுக்கு பயந்து சின்ன வயசுலயே குடும்பத்தோட லண்டனுக்கு ஓடி வந்தவரு. பேசிலு ஜெர்மன்காரங்க முன்னாடி ரெண்டாம் உலக சண்டைய பத்தி பேசக் கூடாது பேசக் கூடாதுன்னு அதயே ஒளறற எபிசோட இத தெரிஞ்சிகிட்டு பாத்தா வேற மாதிரி இருக்கும்.

எங்க ஊரு ரப்பரு மரம் கதைதான் எனக்கு ஞாபகம் வருது. பிரேசில்ல எடுத்த வெத, லண்டன் கியூ தோட்டத்துல மொளச்சி, 1877-ல 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்து, அதுல ஒம்போத கோலாகங்சார்ல நட்டாங்க. ஒரு மரம் இன்னும் டவுனுலயே நிக்குது, கம்பி வேலி போட்டு வச்சிருக்காங்க. அது வந்து இங்க பால் குடுத்துச்சா இல்லையா? அப்பறம் ஒட்டு கட்டி ஒட்டு கட்டி வேற மரமாவே ஆக்கிட்டாங்க, அது வேற விசயம். பெரட்டு அண்ணன் சொன்ன மண்டபத்து பையன் பண்ணதும் ஒட்டு கட்டற வேலதான்.

—

கிராணிவூட்டு_பேத்தி
ஞாயித்துக்கெழம, சாயங்காலம் 4.05

பேர பாத்துட்டு யாரும் திட்டாதீங்க, எங்க தாத்தா நெசமாவே கிராணிதான், கைய கட்டிட்டு நின்னவருதான், சாவியும் அவருகிட்டதான் இருந்துச்சி, பெரட்டு அங்கள் எந்த தோட்டம்னு கேக்க பயமா இருக்கு.

மகள கொறை சொல்லாதீங்க அக்கா. அவ கேட்ட கேள்விய லண்டன்லயே 1979-ல கேட்டுட்டாங்க. ஆளுங்க நல்லா பாத்துட்டு இருந்த நேரத்துலயே மைண்ட் யுவர் லாங்குவேஜ நிப்பாட்டுனது அத எடுத்த டிவி கம்பெனியில இருந்த மைக்கல் கிரேட். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முத்திரை குத்தி சிரிக்க வைக்கறது சரியில்லன்னு அவருக்கு பட்டுருக்கு. அப்பறம் வெளிநாட்டுல கிராக்கி இருந்ததால 1986-ல இன்னும் 13 எபிசோடு எடுத்தாங்க. அதாவது அவங்களுக்கே கூச்சமானது நமக்கு ஏத்துமதி ஆயிட்டு இருந்துச்சி! நம்மள பாத்து சிரிக்கறத நம்மளே காசு குடுத்து வாங்கி சிரிச்சிருக்கோம்.

இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்னு இன்னொண்ணு, 1974-லேர்ந்து 81 வரைக்கும். இந்தியாவுல தியோலாலின்னு ராணுவ முகாம்ல நடக்கற கத, அதுல ரங்கி ராம்னு வேலக்காரரா மொகத்துல சாயம் பூசிட்டு வந்தவரு மைக்கல் பேட்ஸ்னு வெள்ளக்காரரு. பிபிசி இப்ப அத திரும்ப போடறதே இல்ல.

ஆனா ஒண்ணு தெரியுமா, மைண்ட் யுவர் லாங்குவேஜ்ல செவப்பு புத்தகத்த தூக்கிட்டு மாவோ மாவோன்னு சொல்ற சீன பொண்ணு சுங் சு லீ, அவங்க சீனாவுலேர்ந்து வந்தவங்க இல்ல, பிக் சென் லிம், நம்ம பினாங்குல பொறந்தவங்க. ரஞ்சித் சிங்கா நடிச்ச ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில பொறந்தவரு. அவங்க சொந்தமா பேசற இங்கிலீஷ் நம்ம எல்லாரையும் விட சுத்தமா இருந்திருக்கும், ஒடச்சி ஒடச்சி பேசறதுக்குத்தான் சம்பளம். எனக்கு அத நெனச்சா சிரிப்பும் வருது, ஒரு மாதிரி கஷ்டமாவும் இருக்குது.

—

பழைய_பெரட்டு
ஞாயித்துக்கெழம, சாயங்காலம் 5.50

பேத்திம்மா, ஒங்க தாத்தாவ நான் சொல்லலமா, எல்லா தோட்டத்துலயும் ஒரு சாவிதான், ஒரு கிராணிதான்.

ஆனா ஒரு எடத்துல ஒத்துக்க மாட்டேன். அந்த மைக்கல் பேட்ஸு ஜான்சியில பொறந்து இந்தி பேச தெரிஞ்சவரு, சும்மா சாயம் பூசிட்டு வந்தவரு இல்ல. சரி, அதுக்காக சாயம் சாயம் இல்லன்னு ஆயிராது, அதயும் ஒத்துக்கறேன். எனக்கு தெரிஞ்சது இவ்ளோதான், எங்க மண்டபத்துல யாரும் ரஞ்சித்த பாத்து "நம்மள கேவலப்படுத்தறான்"னு எந்திரிச்சி போகல. டிவியில நம்ம மூஞ்சி மாதிரி ஒரு மூஞ்சி வருதேன்னு அவ்ளோ சந்தோசம். அது ஏமாளித்தனம்னு நீங்க சொல்லலாம். சொல்லுங்க.

—

ஃபைல்_இன்னும்_வரல
ஞாயித்துக்கெழம, ராத்திரி 8.15

யாருமே யெஸ் மினிஸ்டர் பேர சொல்லலையே. நான் 19 வருசமா அரசாங்க ஆபீஸ்ல, எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. 1981-ல வந்த ஒரு எபிசோடு, புது ஆஸ்பத்திரி, 500 பேரு நிர்வாக வேலையில இருக்காங்க, நோயாளி ஒருத்தரும் இல்ல. மந்திரி பதறுவாரு, அதிகாரிங்களுக்கு அவரு எதுக்கு பதறறாருன்னே புரியாது, நாட்டுலயே சுத்தமான ஆஸ்பத்திரிங்கள்ல அதுவும் ஒண்ணாச்சே, நோயாளி வந்தா அழுக்காயிரும்ல! நான் டிவிய நிப்பாட்டிட்டு அஞ்சு நிமிசம் சிரிச்சேன், என் வூட்டுக்காரரு அவரு ஒரு பட்டறையில வேல செய்யறவரு, "இதுல என்னா இருக்கு"ன்னாரு. அவரும் நானும் ஒரே வயசு, ஒரே ஊரு, ஒரே பள்ளி. அப்ப அது தலைமுறையும் இல்ல கலாச்சாரமும் இல்லதான? 14 வயசு புள்ளைக்கு இது வேணாம், வேலைக்கு போயி மூணு வருசம் ஆனப்பறம் காட்டுங்க.

—

ரொட்டி_பாஞ்சிர்
ஞாயித்துக்கெழம, ராத்திரி 8.31

எங்க ஆபீஸ் வாட்ஸாப் குரூப்ல போட்டுட்டேன் இத. மேனேஜரும் அந்த குரூப்ல இருக்காருன்னு இப்பத்தான் ஞாபகம் வருது, போச்சி.

—

மூணாங்கட்ட_பொண்ணு
செவ்வாக்கெழம, ராத்திரி 11.02

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனக்கவே இல்ல. நேத்து பசியாறறப்ப பெரட்டு அண்ணன் எழுதுனத அப்பாவுக்கு படிச்சி காட்டுனேன். மண்டபம், மரப்பொட்டி, ஜென்செட்டு எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டே இருந்தாரு. "ஒங்க மண்டபத்துல யாருப்பா எழுத்து படிச்சி சொன்னது"ன்னு கேட்டேன். தோசைய பாத்துகிட்டே "வேற யாரு"ன்னாரு.

நாப்பத்தி ரெண்டு வருசமா அவரு பொண்ணா இருக்கேன், எனக்கு தெரியாது!

அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சி அவரே மகள கூப்புட்டு சொன்னாரு. ரிமூவ் கிளாஸ் முடிச்சி ஃபார்ம் ஒன்னுக்கு டவுன் பள்ளிக்கு போனப்ப கிளாஸ்ல முப்பது பேரு, தோட்டத்துலேர்ந்து அவரு ஒருத்தருதான். எந்திரிச்சி வாய தொறந்தாலே சிரிப்பாங்களாம். ஒரு நா டாய்லெட்டுக்கு போகணும்னு கேக்க தெரியாம மத்தியானம் வரைக்கும் ஒக்காந்தே இருந்திருக்காரு. அந்த வருசத்தோட பள்ளிக்கு போகலன்னு சொல்லிட்டு மரம் சீவ போயிட்டாரு. "அந்த படத்துல பாரு, கிளாஸ்ல உள்ள எல்லாருமே தப்பா பேசுவாங்க, வாத்தியாரும் கோவப்பட மாட்டாரு, எனக்கு அந்த கிளாஸ் கெடச்சிருந்தா நான் படிச்சிருப்பேன்"ன்னாரு. மக ஒண்ணுமே சொல்லல. தாத்தா தட்டுல இன்னொரு தோச வச்சா, அவ்ளோதான்.

ஆனா இன்னும் மைண்ட் யுவர் லாங்குவேஜ் பாக்க மாட்டேங்கறா, அதுல மாத்தமில்ல. மானுவெல அடிக்கறதும் புடிக்கல, "வேல செய்யறவங்கள அடிக்கறாங்க, இதுக்கு போலீசுக்குத்தான் போகணும்"ங்கறா. மிஸ்டர் பீன் கார்ட்டூன சின்ன வயசுலயே பாத்து முடிச்சிட்டாளாம், "அது பேபிங்களுக்கு"ன்னு சொல்லிட்டா, ரொட்டி தம்பி மன்னிச்சிருங்க.

எடுபட்டது ஒண்ணே ஒண்ணு. ஃபால்ட்டி டவர்ஸ்ல விருந்து எபிசோடு ஒண்ணு இருக்குல்ல, பேசில் சாப்பாட்டு தட்ட எடுத்துட்டு அவசரமா வர்றப்ப காடி (காரு) நின்னு போயிரும், காடிய திட்டி, எச்சரிக்கை குடுத்து, எண்ணி, அப்பறம் ஒரு மரக்கெளய பிடுங்கிட்டு வந்து காடிய அடிப்பான். அப்பா டிவி சத்தத்த சுத்தமா கொறைச்சிட்டு தமிழ்ல வசனம் சொல்ல ஆரம்பிச்சாரு. பேசில எங்க தாமான் மொனையில கோழி விக்கற சீன மொதலாளி தவுக்கேயா மாத்தி, அவரோட பழைய வேனயும், அது மேட்டுல ஏறாம சடக்க மறிச்சி நிக்கறதயும், ஹார்ன் அடிக்கறவங்கள எல்லாம் அவரு திட்டறதயும் சொல்றாரு. பேசில் வாயசைக்கறதுக்கும் அப்பா சொல்றதுக்கும் சம்பந்தமே இல்ல. மக சோபாவுலேர்ந்து கீழ வுழுந்துட்டா. ஒரு எடத்துல போன எடுத்து வீடியோ புடிச்சா, அப்பா அத பாத்துட்டு கொரல இன்னும் ஏத்திட்டாரு, பக்கத்து வூட்டு அண்டி வந்து எட்டி பாத்துட்டு போனாங்க.

இன்னிக்கி ராத்திரி ரெண்டு பேரும் எலி எபிசோடு வேணும்னு ஒக்காந்திருக்காங்க, மானுவெல் எலிய ஹாம்ஸ்டர்னு நெனச்சி வளப்பானாமே அது. யூடியூப்ல துண்டு துண்டாத்தான் இருக்கு. முழுசா யாருகிட்டயாச்சும் இருக்கா?

—

கோலாகங்சார்_காத்து
செவ்வாக்கெழம, ராத்திரி 11.20

மொத்தமே 12 எபிசோடு, டிவிடி பொட்டியோட என்கிட்ட இருக்கு. எலி வர்றது கடைசி எபிசோடு. வியாழக்கெழம சிப்புட் பாசாருக்கு வர்றேன், பழைய பஸ் ஸ்டேசன் பக்கம் மாமாக் கடையில குடுத்துட்டு போறேன். ஒங்க வூட்ல டிவிடி போடற பொட்டி இன்னும் இருக்கா?

—

மூணாங்கட்ட_பொண்ணு
செவ்வாக்கெழம, ராத்திரி 11.24

இருக்கு அண்ணே, சாமி ரூம்புல, மேல துணி போத்தி வச்சிருக்காரு.